எவோசூட் 'கிளாஸைக் காணோம்' என்று நின்றால் எங்கே தேடுவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஜாவாவில் மேவன் (கோடைக் கம்பைல் செய்து, தேவையான லைப்ரரிகளை இழுத்துவரும் பில்ட் கருவி) புராஜெக்ட் ஒன்று. கம்பைல் ஆகிறது, டாம்கேட்டில் (ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர்) ஏற்றினால் ஓடுகிறது, கையால் எழுதிய பத்துப் பதினைந்து டெஸ்ட்களும் பச்சை. அதே புராஜெக்டில் ஒரு கிளாஸுக்கு எவோசூட்டை வைத்துத் தானாக யூனிட் டெஸ்ட் எழுதவைக்கலாம் என்று ஓட்டினால், நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் என்று ஒரு முழுப் பக்கத்துக்கு ஸ்டாக் டிரேஸைக் கக்கிவிட்டு நின்றுவிடுகிறது. "எல்லா டிபென்டென்சியும் பாம்.எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறதே, எது விடுபட்டது?"

பாம் கோப்பில் (தேவையான வெளி லைப்ரரிகளை, அதாவது டிபென்டென்சிகளை, மேவனுக்குப் பட்டியலிடும் கோப்பு) ஒன்றும் விடுபடவில்லை. கமாண்ட் லைனில் ஓட்டும்போது எவோசூட் அந்தக் கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. புராஜெக்ட்சிபி என்ற ஆப்ஷனில் நீங்கள் என்னென்ன பாதைகளைக் கொடுத்தீர்களோ, அதற்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். பெரும்பாலும் டார்கெட் ஃபோல்டருக்குள் இருக்கும் கிளாசஸ் ஃபோல்டரை மட்டும் கொடுத்திருப்பீர்கள். அதில் உங்கள் கோடு (code) இருக்கும், அது சார்ந்திருக்கும் ஜார்கள் (கம்பைல் ஆன கிளாஸ்களைக் கட்டிவைத்த .jar கோப்புகள்) இருக்காது.

இதோடு பதிலை முடித்திருக்கலாம். ஆனால் ஜார்களைச் சேர்த்த பிறகும் இதே எரர் வேறு வேறு உருவத்தில் திரும்பி வரும். அதிலும் ஒரு உருவம் எரராகவே வராது. டெஸ்ட் பச்சையாகவே காட்டும். நான் மாட்டிக்கொண்டது அதில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், ஆப் ஓடும்போது வராத எரர் இங்கே மட்டும் ஏன் வருகிறது? ஜேவிஎம் (ஜாவா கோடை ஓட்டும் எஞ்சின்) ஒரு சோம்பேறி. ஒரு கிளாஸை லோட் செய்யும்போது, அதற்குள் பெயர் சொல்லப்பட்ட எல்லாக் கிளாஸ்களையும் அது உடனே தேடிப் போகாது. அந்த வரி ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும். ஆகவே உங்கள் கிளாஸில் பத்து மெத்தட் இருந்து, அதில் ஒன்று மட்டும் கிளாஸ்பாத்தில் (கிளாஸ்களைத் தேட வேண்டிய பாதைகளின் பட்டியல்) இல்லாத ஒரு வகையைப் பாராமீட்டராக வாங்கினாலும், அந்த மெத்தடை யாரும் அழைக்காதவரை ஆப் வருஷக்கணக்கில் ஓடும்.

எவோசூட் அப்படி இல்லை. கோர்டன் ஃபிரேசரும் ஆண்ட்ரியா ஆர்குரியும் 2011-இல் வெளிக்கொண்டுவந்த இந்தக் கருவி, சோர்ஸ் கோடைத் தொடாமல் கம்பைல் ஆன பைட்கோடை எடுத்து வேலை செய்கிறது. மரபணு அல்காரிதம் வைத்து டெஸ்ட்களைக் கலந்து, வடிகட்டி, கவரேஜை (டெஸ்ட்கள் தொடும் கோடின் அளவு) கூட்டிக்கொண்டே போகும். அதற்கு முன்னால் ஒரு கணக்கெடுப்பு நடக்கும். இந்தக் கிளாஸுக்கு என்னென்ன கன்ஸ்ட்ரக்டர், என்னென்ன மெத்தட், ஒவ்வொன்றும் என்ன வகைப் பாராமீட்டரைக் கேட்கிறது, அந்த வகை ஆப்ஜெக்ட்டை எங்கே உருவாக்கலாம் என்று ஒரு பட்டியல் போடும். இதற்கு ரிஃப்ளெக்ஷன் (ஒரு கிளாஸின் அமைப்பை ஓடும்போதே கேட்டறியும் வசதி) தேவை. கிளாஸின் கெட்டிக்ளேர்டுமெத்தட்ஸை அழைத்த உடனே, ஜேவிஎம் எல்லா மெத்தட்களின் பாராமீட்டர் வகை, ரிட்டர்ன் வகை, அறிவிக்கப்பட்ட எக்செப்ஷன் வகை எல்லாவற்றையும் தேடியாக வேண்டும். ஒன்று கிடைக்கவில்லை என்றாலும் மொத்தப் பட்டியலும் கிடையாது. அழைக்கவே போகாத பத்தாவது மெத்தடுக்காக முதல் ஒன்பதும் சேர்ந்து விழும்.

ஓடுவதற்குப் போதுமான கிளாஸ்பாத் டெஸ்ட் உருவாக்கப் போதாது என்பது இதனால்தான். ஹிகாரிசிபி என்ற கனெக்ஷன் பூல் லைப்ரரியில் செட்மெட்ரிக்ரெஜிஸ்ட்ரி என்ற மெத்தடைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் பாராமீட்டர் வகை வெறும் ஆப்ஜெக்ட். மைக்ரோமீட்டர், டிராப்விசார்டு மாதிரியான மெட்ரிக்ஸ் லைப்ரரிகள் இல்லாத இடத்திலும் அந்தக் கிளாஸ் இதனால் சிக்கல் இல்லாமல் லோட் ஆகிவிடும். நம் புராஜெக்ட் கோடை நாம் அவ்வளவு யோசித்து எழுதுவதில்லை.

சரி, எரருக்கு வருவோம். எரரின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஓடாமல், அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் படியுங்கள். கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன் என்றால் யாரோ பெயரைச் சொல்லி ஒரு கிளாஸைக் கேட்டு, அது கிடைக்கவில்லை. கிளாஸ் பெயர் புள்ளி வைத்து வரும். நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் என்றால் கம்பைல் செய்தபோது இருந்த கிளாஸ் இப்போது இல்லை. பெயர் சாய்கோடு வைத்து வரும். இரண்டிலும் தேட வேண்டியது ஒரு ஜாரைத்தான்.

அதே நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் 'குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்' என்ற சொற்களோடு வந்தால் கதை வேறு. அந்தக் கிளாஸ் இருக்கிறது, கண்டுபிடிக்கவும் பட்டது. அதன் ஸ்டாடிக் பிளாக் (கிளாஸ் முதல்முறை பயன்படும்போது ஓடும் பகுதி) ஓடும்போது வெடித்துவிட்டது. முதல் தடவை எக்செப்ஷன்இன்இனிஷியலைசர்எரர் வந்திருக்கும். அதற்கப்புறம் அதே கிளாஸை யார் தொட்டாலும் இந்த எரர்தான் வரும். எவோசூட் உங்கள் கோடை ஒரு சாண்ட்பாக்ஸுக்குள் (வெளியே எதையும் தொடவிடாத அடைப்பு) வைத்துத்தான் ஓட்டுகிறது. ஸ்டாடிக் பிளாக்கில் டேட்டாபேஸ் கனெக்ஷன் திறப்பது, நேட்டிவ் லைப்ரரி லோட் செய்வது, சி டிரைவில் கான்ஃபிக் கோப்பு தேடுவது இதெல்லாம் அங்கே நடக்காது. இதற்கு நூறு ஜார் சேர்த்தாலும் பிரயோசனம் இல்லை. லாகில் மேலே போய் முதல் எரரைத் தேடுங்கள்.

நோசச்மெத்தட்எரர் வந்தால் ஜார் இருக்கிறது, வெர்ஷன்தான் தப்பு. 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 61' என்றால் டிபென்டென்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை; ஜாவா 17-க்குக் கம்பைல் செய்த கிளாஸை, அந்த வெர்ஷன் தெரியாத பழைய கருவியிடம் நீட்டியிருக்கிறீர்கள். ஜாவா 8-க்கு 52, 11-க்கு 55, 21-க்கு 65. எவோசூட் 1.0.6 ஜாவா 8 காலத்துக் கருவி, அதை ஜாவா 8-லேயே ஓட்டுங்கள். தவிர, சாண்ட்பாக்ஸ் நிற்பது ஜாவாவின் செக்யூரிட்டி மேனேஜர் மேல். அது ஜாவா 17-இல் 'இனி எடுத்துவிடுவோம்' என்று குறிக்கப்பட்டு, 24-இல் ஒரேயடியாக முடக்கப்பட்டுவிட்டது. புது ஜேடிகேயில் (ஜாவா டெவலப்பர் கருவித்தொகுப்பு) பழைய எவோசூட்டை ஓட்டி மல்லுக்கட்ட வேண்டாம்.

உண்மையிலேயே ஜார்தான் இல்லை என்று தெரிந்தால், எந்தெந்த ஜார் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். ஒரு எரர், ஒரு ஜார், மறுபடி ஓட்டு, அடுத்த எரர், அடுத்த ஜார் என்று மாலை வரை உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் உட்கார்ந்திருக்கிறேன். மேவனுக்குத்தான் முழுப் பட்டியலும் தெரியுமே, அதையே கேளுங்கள். டிபென்டென்சி பிளகினில் பில்ட்-கிளாஸ்பாத் என்று ஒரு கோல் (மேவன் கட்டளை) இருக்கிறது. எம்டெப் புள்ளி அவுட்புட்ஃபைல் என்ற பிராப்பர்ட்டியில் ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்தால், டிரான்சிட்டிவாக (ஒரு ஜார் இழுத்துவரும் இன்னொன்றாக) வரும் ஜார்கள் உட்பட மொத்த கிளாஸ்பாத்தையும் ஒரே வரியாக அந்தக் கோப்பில் எழுதிவிடும். அந்த வரியில் உங்கள் சொந்த கிளாசஸ் ஃபோல்டர் இருக்காது. அதை நீங்கள்தான் முன்னால் ஒட்ட வேண்டும். ஒட்ட மறந்தால் 'அன்னோன் கிளாஸ்' என்று டெஸ்ட் எழுத வேண்டிய கிளாஸையே தெரியாது என்று சொல்லிவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் பாதைகளுக்கு நடுவே முக்காற்புள்ளி (:), விண்டோஸில் அரைப்புள்ளி (;).

ஜார்களை ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து வைப்பது பிடிக்கும் என்றால் காப்பி-டிபென்டென்சீஸ் கோல் இருக்கிறது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகளில் அதோடு இன்க்ளூட்ஸ்கோப்பை ரன்டைம் என்று வைக்கச் சொல்லியிருக்கும். கேள்வி கேட்டவரின் வார் ஃபைல் (வெப் ஆப்பைக் கட்டிய .war கோப்பு) டாம்கேட்டில் ஓடுகிறது என்பதால் எனக்கு முதல் சந்தேகமே இங்கேதான். சர்வ்லெட் ஏபிஐ ஜாரை பாமில் புரவைடட் என்று போட்டிருப்பார்கள். டாம்கேட்டிடம் அது ஏற்கெனவே இருக்கிறது என்பதால் அதுதான் சரியும்கூட. ரன்டைம் என்று வடிகட்டினால் கம்பைல், ரன்டைம் ஸ்கோப் ஜார்கள் வரும், புரவைடட் ஜார்கள் வராது. எவோசூட்டிடம் டாம்கேட் கிடையாது. அந்த வடிகட்டியை எடுத்துவிடுங்கள்; ஒன்றும் சொல்லாவிட்டால் மேவன் எல்லா ஸ்கோப்பையும் தரும்.

ஒரு சின்ன உதாரணம். பில் கணக்குப் போடும் ஒரு கிளாஸ். வரி கணக்கிட ஒரு மெத்தட், தள்ளுபடி கணக்கிட ஒரு மெத்தட், அப்புறம் யாரோ அவசரத்தில் சேர்த்த மூன்றாவது மெத்தட்: ஹெச்டிடிபிசர்வ்லெட்ரிக்வெஸ்ட்டை வாங்கி அதிலிருந்து வாடிக்கையாளர் எண்ணை எடுப்பது. எவோசூட் இந்தக் கிளாஸுக்கு ஒரு டெஸ்ட்கூட எழுதாமல், ஜாவாக்ஸ்/சர்வ்லெட்/ஹெச்டிடிபி/ஹெச்டிடிபிசர்வ்லெட்ரிக்வெஸ்ட் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். சர்வ்லெட் ஜாரைக் கிளாஸ்பாத்தில் சேர்த்தால் ஓடும். மூன்றாவது மெத்தடை வேறு கிளாஸுக்கு மாற்றினாலும் ஓடும், கோடும் நன்றாக இருக்கும். பில் கணக்குக்கு எதற்கு ஹெச்டிடிபி? கருவி முனகும்போது சில சமயம் அது நம் டிசைனைப் பற்றித்தான் முனகுகிறது.

மேவன் மாதிரியே இன்னொரு பில்ட் கருவியான கிரேடிலில் இதற்கென்று தயார் கட்டளை கிடையாது. பில்ட் கோப்பில் சோர்ஸ்செட்ஸ் மெயினின் ரன்டைம்கிளாஸ்பாத்தை அச்சிடும் ஒரு டாஸ்க்கை நான்கு வரியில் எழுதிக்கொள்ளலாம். அங்கே கம்பைல்ஒன்லி என்று அறிவித்தவை ரன்டைம்கிளாஸ்பாத்தில் வராது, ஆகவே கம்பைல்கிளாஸ்பாத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்.

பல மாட்யூல் உள்ள புராஜெக்ட்டுக்கு ஒரு தனி வலி உண்டு. ஒரு மாட்யூலின் ஃபோல்டருக்குள் போய் பில்ட்-கிளாஸ்பாத்தை ஓட்டினால், பக்கத்து மாட்யூலை மேவன் உங்கள் லோக்கல் ரெபாசிட்டரியில்தான் தேடும். அங்கே இல்லை என்றால் எரர் வரும், அது நல்லது. போன மாதம் இன்ஸ்டால் செய்த பழைய ஜார் இருந்தால் சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொள்ளும். இப்போது உங்கள் கிளாஸ் புதுசு, பக்கத்து மாட்யூல் பழசு, வருவது நோசச்மெத்தட்எரர். ரூட்டில் ஒரு தடவை டெஸ்ட்களைத் தவிர்த்து இன்ஸ்டால் ஓட்டிவிட்டு அப்புறம் கிளாஸ்பாத்தைக் கேளுங்கள்.

ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃபிரேம்வொர்க்) ஆட்கள் பலர் செய்யும் காரியம், பில்ட் ஆன பெரிய ஜாரை அப்படியே புராஜெக்ட்சிபியில் கொடுப்பது. "எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறதே!" இருக்கிறது, ஆனால் பூட்-இன்ஃப் ஃபோல்டருக்குள், ஜாருக்குள் ஜாராக. அதைத் திறக்க ஸ்பிரிங் பூட்டின் சொந்த கிளாஸ்லோடர் வேண்டும்; சாதாரண லோடருக்கு அது பூட்டிய பெட்டி. மேவன் பில்டில் அதன் பக்கத்திலேயே 'ஒரிஜினல்' என்று பின்னொட்டுடன் ஒரு சின்ன ஜார் கிடக்கும். அதை எடுங்கள், அல்லது கிளாசஸ் ஃபோல்டரையே கொடுங்கள். டிபென்டென்சிகள் தனியாகத்தான் வர வேண்டும்.

நட்சத்திரக் குறியில் ஏமாறுகிறவர்களும் உண்டு. ஜாவாவின் கிளாஸ்பாத் ஆப்ஷனில் லிப்/* என்று எழுதினால் அந்த ஃபோல்டரின் எல்லா ஜாரும் சேரும். விரித்துக் கொடுப்பது ஜாவா லாஞ்சர் (java என்ற கட்டளை). எவோசூட்டின் சொந்த ஆப்ஷனில் அதே நட்சத்திரத்தைப் போட்டால் லாஞ்சர் அதைத் தொடாது. கருவி விரித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள். ரேண்டூப்பில் கதை தலைகீழ். 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்த அந்த ரேண்டம் டெஸ்ட் கருவிக்கு, அதன் ஜாரையும் உங்கள் ஜார்களையும் ஜாவாவின் சொந்தக் கிளாஸ்பாத் ஆப்ஷனிலேயே கொடுக்கிறோம். ஆகவே நட்சத்திரம் வேலை செய்யும், மேற்கோள் குறிக்குள் இருந்தால். (ரேண்டூப் உங்கள் மெத்தட்களை நிஜமாகவே ஓட்டும் என்பதை மறக்க வேண்டாம். கோப்பு அழிக்கும் கிளாஸை அதனிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.)

விண்டோஸில் கிளாஸ்பாத் நீண்டுபோய் 'கிரியேட்பிராசஸ் எரர் 206' வந்தால் அதுவும் ஜார் விடுபட்ட கதை இல்லை. கட்டளை வரி அளவை மீறிவிட்டது. ஜார்களை சி டிரைவில் ஓர் எழுத்துப் பெயர் கொண்ட ஃபோல்டரில் நகலெடுத்து வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எவோசூட்டின் செட்அப் ஆப்ஷன் உருவாக்கும் பிராப்பர்ட்டீஸ் கோப்பில் சிபி என்ற வரியில் கிளாஸ்பாத்தை எழுதி வைத்தால் ஒவ்வொரு தடவையும் தட்டச்ச வேண்டியதும் இல்லை.

எவோசூட்டை ஓட்டிப் பார்த்துத்தான் கிளாஸ்பாத் சரியா என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? வேண்டாம். அதன் தேடல் நேரமே ஒரு கிளாஸுக்கு இயல்பாக 60 நொடி. நான் செய்வது இது: ஜேஷெல்லை (ஜாவா வரிகளை உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் கருவி) அதே கிளாஸ்பாத்தோடு திறந்து, கிளாஸ்.ஃபார்நேம் வைத்துக் குறிப்பிட்ட கிளாஸை எடுத்து, அதன் கெட்டிக்ளேர்டுகன்ஸ்ட்ரக்டர்ஸ், கெட்டிக்ளேர்டுமெத்தட்ஸ், கெட்டிக்ளேர்டுஃபீல்ட்ஸ் மூன்றையும் அழைப்பது. ஜாவா 8 என்றால் ஜேஷெல் கிடையாது. ஐந்து வரியில் ஒரு மெயின் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் பதில் சொன்னால் கருவியும் பெரும்பாலும் அந்த இடத்தைத் தாண்டிவிடும். விழுந்தால், இரண்டே நொடியில் எந்தக் கிளாஸ் இல்லை என்று கையில் பெயர் இருக்கும்.

புராஜெக்ட் முழுக்க ஒரே பார்வையில் பார்க்க ஜேடெப்ஸ் இருக்கிறது. ஜேடிகே 8-இலிருந்தே கூட வருகிறது, ஆனால் தொடுகிறவர்கள் குறைவு. கிளாஸ்பாத்தையும் கிளாசஸ் ஃபோல்டரையும் கொடுத்து ஓட்டினால், எது எதைச் சார்ந்திருக்கிறது என்று வரிவரியாகச் சொல்லும். கிடைக்காதவற்றுக்கு எதிரே 'நாட் ஃபவுண்ட்' என்று எழுதும். அந்த வரிகளை மட்டும் கிரெப் செய்தால் (தேடி எடுத்தால்) விடுபட்ட பட்டியல் தயார். மல்டி-ரிலீஸ் ஜார் (ஜாவா வெர்ஷனுக்கு ஏற்ப வேறு வேறு கிளாஸ் வைத்திருப்பது) ஒன்று இருந்தால் மல்டி-ரிலீஸ் ஆப்ஷனைக் கொடு என்று அடம்பிடிக்கும். பேஸ் என்று கொடுத்துவிட்டு நகருங்கள்.

கிடைக்காத பட்டியலில் ஜாவாக்ஸ்.எக்ஸ்எம்எல்.பைண்ட் என்று தொடங்கும் பெயர்கள் இருந்தால் சிரிக்கலாம், பழைய நண்பர். ஜாவா 10 வரை ஜேஏஎக்ஸ்பி (JAXB, எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்ட்டாக மாற்றும் லைப்ரரி) ஜேடிகேயோடே வந்தது, ஜாவா 11-இல் தூக்கிவிட்டார்கள். போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் அனோட்டேஷன் இருக்கும் ஜாவாக்ஸ்.அனோட்டேஷனுக்கும் அதே கதி. இரண்டையும் பாமில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது ஜாவாக்ஸா, அதற்குப் பதிலாக வந்த புதுப் பெயரான ஜகார்த்தாவா என்று கவனியுங்கள். ஸ்பிரிங் பூட் 3 வந்த 2022 நவம்பரிலிருந்து அந்தப் பக்கம் எல்லாம் ஜகார்த்தா. ஜகார்த்தா ஜாரைச் சேர்த்துவிட்டு ஜாவாக்ஸ் கிளாஸ் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் அது எப்படிக் கிடைக்கும்.

இதுவரை சொன்னது டெஸ்டை உருவாக்கும் கட்டம். உருவான டெஸ்டைக் கம்பைல் செய்வது வேறு கட்டம், ஓட்டுவது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிளாஸ்பாத். எவோசூட் ஒரு கிளாஸுக்கு இரண்டு கோப்பு எழுதும்: ஈஎஸ்டெஸ்ட் என்று முடிவது ஒன்று, அதோடு ஸ்காஃபோல்டிங் என்ற ஒட்டுடன் இன்னொன்று. டெஸ்டை மட்டும் எஸ்ஆர்சி டெஸ்ட் ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு ஸ்காஃபோல்டிங்கை விட்டுவிட்டால் கம்பைல் ஆகாது. இரண்டுக்கும் எவோசூட்டின் ஸ்டாண்டலோன் ரன்டைம் ஜார் தேவை. அதை டெஸ்ட் ஸ்கோப்பில் சேர்த்து, உருவாக்கப் பயன்படுத்திய வெர்ஷனையே போடுங்கள். 1.0.6-இல் உருவாக்கிவிட்டு வேறு ரன்டைமை வைத்தால் வரும் கிளாஸ், மெத்தட் எரர்களுக்கு நான் பொறுப்பில்லை.

எழுதப்படுவது ஜேயூனிட் 4 (ஜாவாவில் டெஸ்ட் எழுதும் லைப்ரரி) டெஸ்ட். ஜாரைக் கையால் தரவிறக்குகிறவர்கள் ஜேயூனிட் 4.11-ஓ அதற்கு மேலோ எடுத்தால் ஹாம்கிரெஸ்ட் கோரையும் சேர்த்து எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆர்க்/ஹாம்கிரெஸ்ட்/செல்ஃப்டிஸ்கிரைபிங் காணோம் என்று வரும். மேவன் அதைத் தானே இழுத்துவரும். உங்கள் புராஜெக்ட் முழுக்க ஜேயூனிட் 5 என்றால் இன்னொரு பொறி: கம்பைலுக்காக ஜேயூனிட் 4 ஜாரைச் சேர்ப்பீர்கள், கம்பைல் ஆகும், எரரும் வராது, ஆனால் இந்த டெஸ்ட்கள் ஓடியிருக்காது. பில்ட் வெற்றி என்று மட்டும் இருக்கும். வின்டேஜ் எஞ்சினைச் சேர்த்தால்தான் ஜேயூனிட் 5 தளம் பழைய டெஸ்ட்களைக் கண்டுகொள்ளும். டெஸ்ட் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று லாகில் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

இனி, நான் மாட்டிக்கொண்ட கதை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் கவரேஜ் எண்ணைக் கூட்ட வேண்டும் என்று நெருக்கடி. நான் நாற்பது கிளாஸுக்கு மேல் எவோசூட்டை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் எல்லாம் உருவாகியிருந்தது, என் மெஷினில் எல்லாம் பச்சை. சிஐ சர்வரில் (கோடைத் தானாக பில்ட் செய்து டெஸ்ட் ஓட்டும் பொதுச் சர்வர்) ஏற்றினேன், இருபதுக்கு மேல் சிவப்பு. சர்வரில்தான் ஏதோ ஜார் விடுபட்டிருக்கிறது என்று அரை நாள் அங்கே தேடினேன். கடைசியில் ஒரு டெஸ்டைத் திறந்து படித்தேன். அதில் இருந்தது இதுதான்: டிரை பிளாக்கில் மெத்தடை அழைக்கிறது, அடுத்த வரியில் ஃபெயில், 'எக்ஸ்பெக்டிங் எக்செப்ஷன்: நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்', கீழே கேட்ச் பிளாக்கில் அந்த எரரைப் பிடித்து வெரிஃபைஎக்செப்ஷன் என்று சரிபார்க்கிறது.

புரிந்திருக்கும். என் கிளாஸ்பாத்தில்தான் ஒரு ஜார் இல்லை. அது மெத்தட் கையெழுத்தில் (சிக்னேச்சர், அதாவது பெயர், பாராமீட்டர், ரிட்டர்ன் வகை) வராமல் மெத்தடின் உடலுக்குள் மட்டும் பயன்பட்டதால் கணக்கெடுப்புக் கட்டம் தாண்டிவிட்டது. மெத்தடை ஓட்டியபோது எரர் வந்தது. எவோசூட்டைப் பொறுத்தவரை கோடு இப்போது என்ன செய்கிறதோ அதுதான் சரியான நடத்தை. 'இந்த மெத்தட் இந்த எரரை எறியும்' என்று நேர்மையாக எழுதி வைத்துவிட்டது. சிஐ சர்வரில் எல்லா ஜாரும் இருந்தது, கோடு ஒழுங்காக வேலை செய்தது, அதனால்தான் டெஸ்ட் தோற்றது. அவ்வளவையும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

அன்றிலிருந்து, உருவான டெஸ்ட் ஃபோல்டரில் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர், எக்செப்ஷன்இன்இனிஷியலைசர்எரர் இரண்டையும் கிரெப் செய்யாமல் ஒரு டெஸ்டையும் கமிட் செய்வதில்லை. ஒன்று கிடைத்தாலும் அந்தக் கிளாஸின் டெஸ்ட் மொத்தமும் குப்பைக்குத்தான். அந்த எரர் வந்த இடத்துக்கு அப்பால் இருக்கும் கிளைகளைக் கருவி பார்த்தே இருக்காது.

இதே காரணத்தால்தான், ஜார் எங்கேயுமே கிடைக்கவில்லை என்றால் அதே பெயரில் ஒரு வெற்றுக் கிளாஸை எழுதி வைத்து ஏமாற்றலாம் என்ற யோசனையை நான் தயங்கித்தான் சொல்வேன். பழைய வெண்டர் ஜார், கைவிடப்பட்ட லைசென்ஸ் லைப்ரரி இவற்றுக்கு வேறு வழி இல்லாமல் போகலாம். மெத்தட் கையெழுத்தில் மட்டும் வரும் வகைக்கு வெற்று இன்டர்ஃபேஸ் ஒன்று வைப்பதில் தீங்கில்லை. ஆனால் உங்கள் கோடு அந்தக் கிளாஸை உண்மையில் அழைக்கிறது, உங்கள் போலி 'நல்' (null, வெற்று மதிப்பு) திருப்பித் தருகிறது என்றால், அந்த நல்லும் அதனால் வரும் நல்பாயின்டர்எக்செப்ஷனும் 'எதிர்பார்த்த நடத்தை' என்று டெஸ்டில் உட்கார்ந்துகொள்ளும். அதைவிட ஜாரை டெவலப்பர் யாராவது ஒருவரின் மெஷினிலிருந்து தேடி எடுத்து, மேவனின் இன்ஸ்டால்-ஃபைல் கோலில் லோக்கல் ரெபாசிட்டரிக்குள் ஏற்றிவிடுவது மேல்.

இப்போது பலரும் ஏஐ மாடலிடம் கோடைக் கொடுத்து டெஸ்ட் எழுதச் சொல்கிறார்கள். அங்கே எரர் வரும் திசை வேறு. அது உங்கள் கிளாஸ்பாத்தைப் பார்க்காமல், பொதுவாக உலகத்தில் எல்லாரும் என்ன இம்போர்ட் செய்கிறார்களோ அதைப் போடும். டெஸ்டுக்குப் போலி ஆப்ஜெக்ட் உருவாக்கும் மொக்கிட்டோ லைப்ரரியின் மொக்கிட்டோஎக்ஸ்டென்ஷனை இம்போர்ட் செய்திருக்கும். உங்களிடம் மொக்கிட்டோ-கோர் மட்டும் இருக்கும். அந்த எக்ஸ்டென்ஷன் மொக்கிட்டோ-ஜேயூனிட்-ஜூப்பிட்டர் என்ற தனி ஜாரில் இருக்கிறது. அசெர்ட்ஜே (டெஸ்டில் விடையைச் சரிபார்க்கும் லைப்ரரி) இல்லாத புராஜெக்டில் அசெர்ட்ஜே வரும். ஸ்பிரிங் பூட் 3 புராஜெக்டில் ஜாவாக்ஸ் வரும். ஸ்பிரிங் பூட்டின் ஸ்டார்ட்டர்-டெஸ்ட் இருந்தால் ஜூப்பிட்டர், மொக்கிட்டோ, அசெர்ட்ஜே, ஹாம்கிரெஸ்ட் எல்லாம் அதோடே வந்துவிடும் என்பதால் பாதிப் பிரச்சினை இல்லை. மற்றவர்கள் டிபென்டென்சி:ட்ரீயின் டெஸ்ட் ஸ்கோப் வரிகளை அப்படியே கேள்வியோடு ஒட்டி, 'இவை மட்டும்தான் இருக்கின்றன' என்று சொல்லிவிடுங்கள். எரர் வந்த பிறகு அது சொல்லும் ஆர்ட்டிஃபாக்டை எல்லாம் பாமில் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். இல்லாத பெயர்களையும் அது உறுதியான குரலில் சொல்லும், அப்படிப்பட்ட பெயரில் யாராவது ஏதாவது ஏற்றி வைத்திருந்தால் அது உங்கள் பில்டுக்குள் வந்துவிடும்.

கேள்வி கேட்டவருக்கு: இன்க்ளூட்ஸ்கோப் வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, கிளாசஸ் ஃபோல்டரை முன்னால் ஒட்டி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அப்புறமும் நின்றால் மூன்று விஷயம் எழுதுங்கள்: ஸ்டாக் டிரேஸில் கடைசியாக வரும் 'காஸ்டு பை' வரி, ஜாவா வெர்ஷனும் எவோசூட் வெர்ஷனும், புராஜெக்ட்சிபிக்கு நீங்கள் கொடுத்த முழு வரி. முதல் எரர் வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் அதில் பார்க்க ஒன்றும் இருக்காது.